பாட்டு எப்படி ஒலிப்பதிவுக்குத் தயாராகுது?



பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் தினமும் பாட்டு கேட்கிறோம். 4, 5 நிமிஷத்தில் ஒரு பாட்டு முடிஞ்சுடும். ஆனால் அதுக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க வகுப்பு மாணவிகள் சேர்ந்து 4 பாட்டு உள்ள ஒரு ஆல்பம் பதிவு பண்ணப் போகிறோம். அதுக்காக நாங்க தெரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மைக் முன்னாடி போய் நிற்கும்போது முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கணும்.

ஆல்பம்னு ஏன் பேர் வந்தது?

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷம்தான் பாட்டு பிடிக்கும். அதனால் பல தட்டுகளைக் காகித உறை போட்ட ஒரு புத்தகத்தில் வைத்து விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருக்கும். 1948-இல் ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் பாடும் பெரிய தட்டு வந்தது. பிறகு கேசட், சி.டி. எல்லாம் வந்தன. புத்தகம் போய்விட்டது, பேர் மட்டும் நின்றுவிட்டது.

முதலில் மெட்டா? வார்த்தையா?

இரண்டு விதமாகவும் செய்யலாம். சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் ‘தான தான’ என்று பாடிக் காட்டுவார். இதற்குத் தத்தகாரம் என்று பேர். கவிஞர் அதில் வார்த்தையை உட்கார வைப்பார்.

நாங்களும் செய்து பார்த்தோம். மெட்டு இது: ‘தான தான தன்ன தானே’. நான் எழுதியது: ‘ஏரி மேல துள்ளு மீனே’. சரியாகப் பொருந்துகிறது! இதே இடத்தில் ‘ஏரி மேல பறக்கும் கொக்கு’ என்று பாடிப் பாருங்கள். ‘தன்ன’ இடத்தில் ‘பறக்கும்’ அடங்காது. கடைசியில் ‘தானே’ என்று இழுக்கிற இடத்தில் ‘கொக்கு’ இழுபடாது. இழுத்தால் ‘கோக்கு’ ஆகிவிடும்!

இங்கேதான் தமிழ் இலக்கணம் உதவுது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று படிச்சோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை. மெட்டு நீளும் இடத்தில் நெடில் வரணும். குறிலை இழுத்தால் ‘கல்’ ‘கால்’ ஆகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். அர்த்தமே மாறிப்போகும்.

சுருதியும் தாளமும்

ஒரு பாட்டு யார் தொண்டைக்கு என்று முதலிலேயே முடிவு பண்ணணும். பொதுவாக ஆண்கள் 1, 2 கட்டையிலும் பெண்கள் 4, 5 கட்டையிலும் பாடுவார்கள். சுருதி அதிகமானால் சரணத்தில் கத்த வேண்டி வரும். குறைந்தால் பல்லவியே கேட்காது. பிறகு தாளம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. கும்மிக்குப் பெரும்பாலும் மூன்று மூன்றாக எண்ண வேண்டும். எங்கே மூச்சு எடுப்பது என்று நோட்டில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கணும்.

அப்பாயியின் நடவுப் பாட்டு

எங்கள் 4 பாட்டில் 3 நாங்களே எழுதுவது. நாலாவது என் அப்பாயி பாடும் நடவுப் பாட்டு. எங்க ஊருக்கு நடவு மெஷின் வந்த பிறகு வயலில் யாரும் பாடுவதில்லை. அப்பாயிக்கும் இப்போ மூச்சு வாங்குது. அதனால் இதைத்தான் முதலில் பதிவு பண்ணணும்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் பாட்டு வரவே இல்லை. “குனிஞ்சு நட்டாத்தாண்டி வரும்” என்றாங்க. கொஞ்சம் வைக்கோலை நாத்து முடி மாதிரி கட்டிக் கையில் கொடுத்தோம். கை நடுகிற மாதிரி அசைந்ததும் பாட்டு தானாக வந்தது! அந்தக் கைதான் அதுக்குத் தாளம்.

இன்னொரு சிக்கல். ஒவ்வொரு தடவையும் வரிகள் மாறுது. ஏன் என்று கேட்டேன். “வயல் பெருசா இருந்தா பாட்டும் பெருசாகணும்ல” என்றாங்க. அதனால் எப்பவும் மாறாமல் வரும் 5 அடிகளை நோட்டில் எழுதிக்கிட்டோம். ஆறாவது அடி அன்றைக்கு அப்பாயிக்குத் தோன்றுவது. அவங்களே அப்படி முடிவு பண்ணாங்க.

உங்களுக்குத் தெரியுமா?

2005-இல் இளையராஜா ‘திருவாசகம்’ ஆல்பத்தை வெளியிட்டார். மாணிக்கவாசகரின் பாட்டுக்கு வாசித்தவர்கள் ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர். தமிழே தெரியாதவர்கள் எப்படி வாசித்தார்கள்? அவரவர் கருவிக்கு உரிய இசைக்குறிப்பு தாளில் எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்து வாசித்தார்கள். எழுதி வைத்தால் நம் இசை எவ்வளவு தூரமும் போகும்!

பதிவு செய்யும் நாள்

முன்பெல்லாம் பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக நின்று பாட வேண்டும். ஒருத்தர் தப்பு பண்ணினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இப்போது குரலையும் கருவிகளையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை, டீச்சரின் செல்போன்தான். அதனால் நூலக அறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எதிரொலி வராமல் சுவரோரம் போர்வை தொங்கவிடப் போகிறோம். ‘ப’ என்று சொல்லும்போது வாயிலிருந்து காற்று அடிக்கும். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ‘பாப்பா’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அது ‘பொத்’தென்று பதிவாகாமல் இருக்க, போனை வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கணும்.

உங்கள் வீட்டிலும் ஆயாவோ அப்பாயியோ தாலாட்டு, கும்மி, ஏற்றப் பாட்டு எது பாடினாலும் இன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். மெட்டு மறக்காமல் இருக்க நீங்களும் கூடவே பாடிப் பழகுங்கள். பொங்கல் லீவுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நூலகத்துக்குக் கொண்டு வாங்க. நல்லா அமைஞ்சா ஐந்தாவது பாட்டு உங்க வீட்டுப் பாட்டுதான்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி