53 ஆண்டுகள் ஒரு தொட்டியில்



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உயிரியல் பூங்காவுக்கோ பொருட்காட்சிக்கோ செல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. கூண்டுக்குள் உலவும் பிராணியைக் கண்டு குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும்போது, 'இது எங்கிருந்து வந்தது? இதன் தாய் எங்கே?' என்று நாம் கேட்பதில்லை. ஒரே ஒரு திமிங்கலத்துக்காக அமெரிக்காவில் அந்தக் கேள்வி பல்லாண்டுகள் கேட்கப்பட்டது; நீதிமன்றப் படிகளிலும் ஏறியது. அதற்குச் சட்டம் அளித்த விடை என்ன என்பதை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

தாயைப் பிரிந்த நாள்

'ஓர்கா' எனப்படும் கறுப்பு வெள்ளைத் திமிங்கலம் உண்மையில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திலேயே மிகப் பெரியது. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலக் கடலில் வாழும் ஓர்காக்கள் கூட்டுக் குடும்பமாய் வாழ்பவை. ஆணாயினும் பெண்ணாயினும் ஆயுள் முழுவதும் தாயுடனேயே வாழும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கே உரிய ஒலிகள் உண்டு.

1970 ஆகஸ்ட் 8 அன்று அத்தகைய குடும்பங்களைப் 'பென் கோவ்' என்னும் குடாவுக்குள் விரட்டி வளைத்தார்கள். படகுகள் துரத்தின, வெடிகள் வீசப்பட்டன. குட்டிகள் வலைக்குள் சிக்கின. காட்சிக்கூடங்களுக்கு விற்பதற்காக ஏழு குட்டிகளைப் பிடித்தனர். வலையில் மூழ்கி இறந்தவையும் உண்டு. அச்செய்தி வெளியே தெரியாதிருக்க, இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கற்களை நிரப்பிக் கடலடியில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் அந்த உடல்கள் கரையொதுங்கி, செய்த செயலை ஊரறியச் செய்துவிட்டன.

பிடிபட்டவற்றுள் சுமார் நான்கு வயதுப் பெண் குட்டி ஒன்று, நாட்டின் மறுகோடியில் உள்ள மயாமி நகருக்கு அனுப்பப்பட்டது. டோகிடே என்பது அதற்கு இடப்பட்ட பெயர். காட்சி மேடைக்காக லோலிடா என்று மாற்றினார்கள். அங்கு ஏற்கெனவே ஹியூகோ என்ற ஆண் ஓர்கா இருந்தது. தொட்டியின் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் வழக்கம் உடைய ஹியூகோ 1980 மார்ச்சில் இறந்தது. அதன்பின் 43 ஆண்டுகள் டோகிடே தன் இனத்தில் இன்னொன்றைக் கண்ணாலும் காணவில்லை.

அத்தொட்டி எவ்வளவு பெரியது? நீளம் சுமார் 80 அடி; ஆழமான இடத்தில் 20 அடி. டோகிடேயின் உடல் நீளமே ஏறத்தாழ 20 அடி! நாளொன்றுக்குப் பல மைல் தூரம் நீந்தும் இனம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிந்தி வந்த சட்டம்

கரையொதுங்கிய உடல்கள் மக்களின் மனத்தைக் கலக்கின. 1972 அக்டோபரில் கடல்வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. இவற்றைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் கொல்வதும் குற்றமாயின. ஆனால், அனுமதி பெற்றுக் காட்சிக்காகப் பிடிக்கலாம் என்ற வாசலை அச்சட்டம் திறந்தே வைத்தது. அதனால்தான் 1976இல் அதே கடலில் மீண்டும் வலை விரிக்கப்பட்டது. இம்முறை வாஷிங்டன் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 'இனி இக்கடலில் ஓர்காக்களைப் பிடிக்க மாட்டோம்' என்று பிடித்த நிறுவனம் ஒப்புக்கொண்டு விலகியது.

கடலில் இருந்தவை தப்பின. தொட்டியில் இருந்தது தப்பவில்லை. சட்டம் பிறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே பிடிபட்டுவிட்ட டோகிடேக்கு அதனால் விடுதலை இல்லை.

சட்டம் கேட்ட கேள்வி

சிறைப்பட்ட பிராணிகளுக்கென விலங்கு நல விதிகள் அமெரிக்காவில் உள்ளன. ஓர்காவின் தொட்டி குறைந்தது 48 அடி அகலம் இருக்க வேண்டும். 12 அடி ஆழம் போதும். உணவும் நீரும் தூய்மையாய் இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அவை. டோகிடேயின் தொட்டி நடுவே ஒரு கான்கிரீட் மேடை குறுக்கிட்டது. அதற்கப்பால் உள்ள நீரையும் சேர்த்தே இடம் போதும் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். அத்தொட்டி விதிக்கு உட்பட்டதாய் இல்லாதிருக்கக்கூடும் என்று அரசின் தணிக்கையே 2017இல் சுட்டிக்காட்டியது.

டோகிடேயின் இனத்தை அழிவின் விளிம்பில் உள்ளதாக 2005இல் அரசு அறிவித்தபோது, சிறைப்பட்டவை அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2015இல்தான் டோகிடே சேர்க்கப்பட்டது. விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். உடனிருந்த டால்பின்களின் பற்கள் அதன் தோலைக் கீறுகின்றன. கொளுத்தும் வெயிலுக்கு நிழல் இல்லை என்று வாதிட்டனர். உயிருக்குக் கடுமையான ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு இவை அமையவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஜனவரியில் வழக்கை நிராகரித்தது.

வாசகர்களே, பூனை ஒன்றை அடைத்துவைத்து, அது சாவதற்குக் காரணமாகி, தண்டனைக்கு ஆளான பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அப்பெண்மீது சாட்டப்பட்ட குற்றம் இரண்டு. அவள் அதற்கு உணவளிக்கவில்லை; தானே இரை தேடிக்கொள்ள அதை அவிழ்த்துவிடவும் இல்லை. டோகிடேயின் வழக்கில் சட்டம் முதல் கேள்வியை மட்டும் கேட்டது. 'உணவு கொடுத்தாயா? தொட்டி எத்தனை அடி?' என்று அளந்து பார்த்தது. 'ஏன் அவிழ்த்துவிடவில்லை?' என்ற இரண்டாவது கேள்வி அதன் ஏட்டில் இல்லை.

முதல் கேள்விக்குக்கூட நேர்மையான விடை கிடைக்கவில்லை. கெட்டுப்போன மீன் கொடுக்கப்பட்டதையும், உணவின் அளவு குறைக்கப்பட்டதையும், மருத்துவரின் ஆலோசனை புறக்கணிக்கப்பட்டதையும் 2021ஆம் ஆண்டின் அரசு ஆய்வறிக்கை வெளிப்படுத்தியது. 2022இல் காட்சிகள் நின்றன. பிறந்த கடலுக்கே திருப்பி அனுப்பும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பயணம் தொடங்குமுன், 2023 ஆகஸ்ட் 18 அன்று டோகிடே இறந்தது. வீடு திரும்பியது அதன் சாம்பல் மட்டுமே. அக்கடலோரத்தின் பூர்வகுடிகளான லம்மி மக்கள், அதைத் தங்கள் உறவாய்க் கருதி, செப்டம்பரில் அந்நீரிலேயே கரைத்தார்கள்.

நம் நாட்டு நிலை

இக்கதை நமக்கு வெகுதொலைவில் நடந்ததன்று. 1998இல் சென்னைக்கருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. சில மாதங்களிலேயே அவை இறந்தன. பின்னர் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் டில்லியிலும் டால்பின் காட்சிக்கூடங்கள் அமைக்கத் திட்டங்கள் எழுந்தபோது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2013 மே மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. டால்பின்கள் மிகுந்த அறிவும் உணர்வும் உடையவை. கேளிக்கைக்காக அவற்றை அடைத்துவைப்பது அறமாகாது. எனவே நாட்டில் எங்கும் அத்தகைய கூடத்துக்கு அனுமதி இல்லை என்பதே அதன் சாரம்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டியை அளக்கும் சட்டம் ஒன்று. தொட்டியே வேண்டாம் என்னும் ஆணை மற்றொன்று. கனடாவும் 2019இல் திமிங்கலங்களையும் டால்பின்களையும் கேளிக்கைக்காகச் சிறைப்பிடிப்பதைத் தடைசெய்தது. ஆயினும் ஏற்கெனவே சிறைப்பட்டிருந்தவற்றுக்கு அத்தடை பொருந்தவில்லை. 1979இல் பிடிபட்ட கிஸ்கா என்ற ஓர்கா, கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளைத் தன் இனத்துணையின்றிக் கழித்து, 2023 மார்ச்சில் கனடாவின் தொட்டி ஒன்றிலேயே இறந்தது. முதல் பிராணி பிடிபடுமுன் வரும் சட்டமே முழுமையாய்க் காக்கிறது என்பதை இவ்விரு ஓர்காக்களும் நமக்கு உணர்த்திச் சென்றிருக்கின்றன.

நம் குடும்பங்கள் பல இன்று வளைகுடா நாடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கின்றன, சுற்றுலாவாகவும் செல்கின்றன. அங்கெல்லாம் டால்பின் காட்சிகள் நடைபெறுகின்றன. காண்போர் தரும் கட்டணத்தில்தான் அத்தொட்டிகள் நிலைத்திருக்கின்றன. அடுத்தமுறை உங்கள் பிள்ளை சீட்டு வாங்கித் தரும்படி கேட்டால், மறுத்து அழவைக்க வேண்டாம். மடியில் அமர்த்தி, நான்கு வயதில் தாயைப் பிரிந்த டோகிடேயின் கதையைச் சொல்லுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை அந்தப் பிஞ்சு உள்ளமே சொல்லிவிடும்.