பழைய காரை நம்பலாமா?

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. எனினும் திமிரி போன்ற சிற்றூர்களில் அது இன்றும் ஓடுகிறது. மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய அதன் எளிய என்ஜினை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சீராக்கிவிடுவார். ஆதலால் நம் குடும்பங்கள் அதனைப் பெரிதும் நம்புகின்றன.

ஆனால், "ஞாயிறு திருப்பலிக்கும் திருமணங்களுக்கும் மட்டுமே எடுக்கிறோம், அதிகம் ஓடாத வண்டி கெடாது" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இரும்பு ஓடினால் தேயும். ரப்பரோ ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. அது அறுந்தால் என்ஜின் அக்கணமே நின்றுவிடும். ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் வெடித்து நீர் வடிந்த பின்னும் ஓட்டினால், அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டினால் வளைந்துவிடும், செலவும் பன்மடங்காகும்.

நள்ளிரவில் பிரசவ வலியுற்ற மகளை ஆற்காடு வழியாக வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போதுதான் இவ்வுண்மை நமக்கு உறைக்க வேண்டுமா? ஓடிய கிலோமீட்டரை மட்டும் எண்ணாமல், பெல்ட், குழாய்கள், டயர்கள், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிய ஆண்டையும் குறித்து வைப்போம். என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நீரையும் ஆயிலையும் பார்ப்போம். பழைய காரை நம்பத்தக்கதாக்குவது பராமரிப்பே.