செம்பனை ஆலையில் ஓராண்டு

தொழிற்பயிற்சி என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவில் வருவது பத்து வாரமோ பன்னிரண்டு வாரமோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, நாட்குறிப்பை நிரப்பி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்துப் பெற்றுத் திரும்புவதுதான். 2010களின் பிற்பகுதியில் மலேசிய உயர்கல்வி அமைச்சு இன்னொரு வழியையும் திறந்துவிட்டது. இரண்டாண்டு பல்கலைக்கழகத்திலும் இரண்டாண்டு தொழில்துறையிலும் பயில்வது '2யூ2ஐ'. மூன்றாண்டு பல்கலைக்கழகம், ஓராண்டு தொழில்துறை என்பது '3யூ1ஐ'. இயந்திரப் பொறியியல் மாணவனான நான் இரண்டாவது வகையில் சேர்ந்து, கடைசி ஆண்டைக் கீழ்ப்பேராக்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழித்தேன். "ஓராண்டு எதற்கு? பத்து வாரம் போதாதா?" என்று இளைய மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். மற்றத் துறைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. செம்பனை ஆலையைப் பொறுத்தவரை பத்து வாரம் போதவே போதாது. ஏன் என்று விளக்க வேண்டுமானால், ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

செம்பனைக் குலையை மரத்திலிருந்து வெட்டிய அந்த நேரத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. பழத்தில் அடிபட்ட இடத்திலெல்லாம் லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது. இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெயின் தரம் போய்விட்டது என்று பொருள். ஆகவே, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலையை வேகவைத்துவிட வேண்டும் என்பது ஆலைகளின் பொது விதி. ஸ்டெரிலைசர் என்னும் பெரிய இரும்பு உருளைக்குள் குலைகளை அடைத்து, 3 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய 140 பாகை நீராவியில், ஒன்றரை மணி நேரம் வரை வேகவைப்பார்கள். நொதி செத்துவிடும், பழங்களும் காம்பிலிருந்து நெகிழ்ந்துகொள்ளும். அடுத்துச் சுழலும் பீப்பாயில் குலை அடிபட்டுப் பழங்கள் உதிர்கின்றன. உதிர்ந்த பழங்கள் கூழாக்கப்பட்டுத் திருகு அழுத்தியில் பிழியப்படுகின்றன. பிழிந்த சாற்றிலிருந்து எண்ணெயைத் தெளியவைத்துப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனுக்கு விறகாகின்றன. அந்த நீராவியே பழத்தையும் வேகவைக்கிறது, டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ளும் தொழிற்சாலை என்று விரிவுரையில் கேட்டபோது அது வெறும் வாக்கியமாக இருந்தது. கொதிகலன் ஒரு மணி நேரம் நின்றாலும் ஆலை முழுவதும் இருண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் பொருள் விளங்கிற்று.

(அந்த வேகவைத்த பழத்தின் வாடையைப் பற்றி எந்தப் பாடநூலும் எழுதவில்லை. என் சட்டைகள் நான்கு அதற்கே பலியாயின.)

நூறு டன் குலை உள்ளே போனால் கிடைப்பது ஏறக்குறைய 20 டன் எண்ணெய்தான். இந்த விழுக்காட்டில் புள்ளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மேலாளரின் முகம் மாறும். ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன் குலை அரைக்கும் ஆலையில் 0.1 விழுக்காடு என்பது 200 டன் எண்ணெய். டன் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் எட்டு இலட்சம் ரிங்கிட்!

இனி ஓராண்டின் கதைக்கு வருகிறேன். நம் நாட்டில் செம்பனைக்கு விளைச்சல் ஆண்டு முழுவதும் உண்டு என்றாலும் அது சமமாக இருப்பதில்லை. பொதுவாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை உச்சம், ஜனவரி முதல் மார்ச் வரை தாழ்வு. நான் செப்டம்பரில் சேர்ந்தேன். லாரிகள் எடைமேடைக்கு முன்னால் சாலை வரை நின்றன. ஆலை இரவும் பகலும் ஓடியது. ஒரு தாங்கி உடையும், ஒரு சங்கிலி அறும். பொறியாளர்கள் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். உடைந்ததை ஒட்டு, ஓட்டு, அவ்வளவுதான் ஆலைப் பொறியியல் என்று எனக்குத் தோன்றியது. பத்து வாரப் பயிற்சியாக இருந்திருந்தால் அந்த எண்ணத்தோடுதான் டிசம்பரில் ஊர் திரும்பியிருப்பேன்.

பிப்ரவரியில் அதே ஆலை வேறோர் இடமாகிவிட்டது. குலைகள் குறைந்து, வாரத்தில் சில நாட்கள் ஆலை நின்றது. அழுத்திகளைத் திறந்தார்கள். செப்டம்பரில் என்னைத் துரத்திய இயந்திரங்களின் வயிற்றை அப்போதுதான் பார்த்தேன். திருகுகள் தேய்ந்து விளிம்பு மழுங்கிக் கிடந்தன. தேய்ந்த திருகு சரியாகப் பிழியாது. எண்ணெய் நாரிலேயே தங்கி, கொதிகலனில் எரிந்து புகையாகப் போகும். எதை மாற்றுவது, எதை இன்னும் ஓட்டிப் பார்ப்பது, ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் இரவில் உடையப் போவது எது என்பது பிப்ரவரியின் மேசையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்த இரண்டு மாதங்களில் ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு அத்தொழில் பாதிகூடத் தெரியாது என்பது என் துணிபு.

என் இறுதியாண்டு ஆய்வும் இதிலிருந்தே பிறந்தது. வாரந்தோறும் ஒவ்வோர் அழுத்தியிலிருந்தும் பிழிந்த நாரை எடுத்து, ஆய்வகத்தில் ஹெக்சேனில் கரைத்து, தங்கிய எண்ணெயை அளந்தேன். திருகு ஓடிய மணி நேரத்தோடு அதை ஒப்பிட்டேன். உச்சக் காலத்து அளவுகளும் தாழ்வுக் காலத்து அளவுகளும் சேர்ந்த பிறகுதான் வரைபடத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது. ஆலை பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு ஓர் அழுத்தியின் திருகை முன்கூட்டியே மாற்றச் சொன்னார். நான் வாங்கிய மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வேலை ஆணையே எனக்குப் பெரிதாகப் பட்டது.

விளைச்சலின் ஏற்ற இறக்கத்துக்கும் நீண்ட கணக்கு உண்டு. ஒரு குலை பழுக்க மகரந்தச் சேர்க்கையிலிருந்து ஐந்தாறு மாதமாகும். அது பெண் பூவா ஆண் பூவா என்பதோ அதற்கும் வெகு முன்னால், ஏறத்தாழ இரண்டாண்டுக்கு முன் முடிவாகிறது. ஆகவே, இன்றைய வறட்சியின் பாதிப்பு உடனே தெரிவதில்லை. 2015-16 எல் நினோவுக்குப் பின், நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2015இல் இருந்த ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 2016இல் 1 கோடியே 73 இலட்சம் டன்னாகச் சரிந்தது.

நம் இதழில் எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்நாட்டில் செம்பனை வாணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். இரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்த காலத்தில் அதைத் தாங்கிய கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். 1981இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மகரந்த வண்டு கொண்டுவரப்படும் முன்னர், பல தோட்டங்களில் பூக்களுக்கு மகரந்தம் தூவியது மனிதக் கைகளே. எங்கள் ஆலையில் கொதிகலன் பார்க்கும் பெரியவரின் தாயார் அந்த வேலை செய்தவராம். இன்று பெரட்டுக்கு நின்றால் வங்காளமும் இந்தோனேசிய மொழியும் நேப்பாளமும் கேட்கின்றன. தமிழ் பேசுவோர் ஆறு பேர்தான். அவர்களில் நால்வர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

முதல் நாள் கொதிகலன் அறைக்குள் நுழைந்ததும் நான் அழுத்தமானியைப் பார்த்தேன். பெரியவர் சிரித்தார். "தம்பி, மொதல்ல தண்ணிக் கண்ணாடியப் பாருங்க. முள்ளு அப்புறம். தண்ணி இல்லாத பாய்லர் அடுப்புல வெச்ச வெத்துச் சட்டி." வேலைமுறை மாறும்போதெல்லாம் நீர்மட்டத்தை முதலில் உறுதி செய்வதுதான் கொதிகலன் இயக்குநரின் தலையாய கடமை என்று பாதுகாப்புக் கையேடுகளும் சொல்கின்றன. அவர் அரசாங்கத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றவர், ஆனால் தேர்வுக்கு மேலும் நிறைய அறிந்தவர். உலையில் சாம்பல் உருகிக் கட்டிபிடிக்கத் தொடங்குவதைத் தீயின் நிறத்திலேயே சொல்லிவிடுவார். மழையில் நனைந்த நார் வந்தால் ஓட்டை எவ்வளவு கூட்டிப் போடவேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். இவற்றையெல்லாம் தமிழில்தான் விளக்குவார். நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்த வெப்ப இயக்கவியல், அவர் பேசும்போது தோட்டத் தமிழில் நடமாடியது. "ஐயா, இதையெல்லாம் யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "யாரு தம்பி கேட்டா?" என்றார். அன்றிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டில் அவர் சொற்களை எழுதிவந்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அந்த ஓராண்டும் நாம் மாணவராகவே பதிவு பெற்றிருப்போம். எனவே கட்டணம் உண்டா, எவ்வளவு, உதவித்தொகையோ கடனோ தொடருமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படித்தொகையைவிடத் தங்குமிடம் முக்கியம். ஆலைகள் பட்டணத்திலிருந்து தொலைவு. பேருந்தை நம்ப முடியாது. ஆலை வளாகத்தில் வீடு தருவார்களா, மாணவிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். நண்பர்களின் கலைவிழாவும் விருந்தும் படங்களாகக் கைப்பேசிக்கு வரும்போது, நாம் எண்ணெய் படிந்த காலணியோடு இரவு வேலையில் இருப்போம். அதற்கு மருந்தில்லை.

பெரியவர் அடுத்த ஆண்டு அறுபதை எட்டி ஓய்வு பெறுகிறார். குறிப்பேட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. அவற்றை அவர் குரலிலேயே பதிவுசெய்ய, வரும் விடுமுறையில் நம் கழக நண்பர்கள் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு என்னுடன் வருகிறார்கள். காரில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.