குழந்தைப் பருவம் ஓர் அமானிதம்

திருவண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலம் செல்வோர் நடக்கும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மலையின் பின்புறம் அப்பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. ஒரு பௌர்ணமி மாலையில் அவ்வழியே செல்ல நேர்ந்தது. சிறுவன் ஒருவன் தட்டில் கற்பூரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். வயதைக் கேட்டேன். பதினொன்று என்றான். அவ்வமயம் இன்னொரு சிறுவன் பழைய டயர் ஒன்றைக் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான்! “கொஞ்சம் பாத்துக்குங்க பாய்” என்று தட்டை என் காலடியில் வைத்துவிட்டு அவன் பின்னே ஓடினான் இவன். தாடியும் தொப்பியுமாகக் கற்பூரத்திற்குக் காவல் நின்ற என்னைப் பார்த்துப் புன்னகைத்துச் சென்றோர் பலர்.

வாசக அன்பர்களே! அச்சிறுவன் கடமை தவறினான் என்பீர்களா? நான் அவ்வாறு சொல்லத் துணியேன். அது கடமைக்குரிய பருவமே அன்று.

பலவீனத்தில் தொடங்கி, பலத்திற்கு உயர்ந்து, மீண்டும் பலவீனத்திற்கும் நரைக்கும் மனிதன் திரும்புவதைத் திருக்குர்ஆன் (30:54) எடுத்துரைக்கின்றது. அந்த முதற்பலவீனத்தை நம் மார்க்கம் குறையாகக் கருதவில்லை. பருவமடையும்வரை குழந்தையின் செயல்களைக் குற்றமாகப் பதியும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. அல்லாஹ்வே கணக்குக் கேட்காத ஒரு பருவத்திடம் நாம் கணக்குக் கேட்கின்றோம்!

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது ஆள் பலம் மிகக் குறைவு. உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் ஆர்வத்துடன் முன்வந்து நின்றார். வயது 14. பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. பின்னர் அகழ்ப்போரின்போது அவருக்கு வயது 15, அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் இச்செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவருக்கும் பெரியவருக்கும் எல்லை இதுவே எனக் கொண்டு, தம் ஆளுநர்களுக்கு எழுதி அனுப்பினார்கள். ஆள் தேவைப்பட்ட நெருக்கடியிலும் ஒரு சிறுவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டின் சட்டமும் பதினான்கில்தான் கோடு கிழித்துள்ளது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறையாதோர் பீடி சுற்றும் தொழிலில் ஈடுபடுத்தப்படுவதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தாரே சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு அன்று விலக்கும் அளித்தது. அவ்விலக்கு எவர் வீட்டுத் திண்ணையில் பயன்பட்டது? பேரணாம்பட்டு, குடியாத்தம், மேலப்பாளையம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முறத்தை மடியில் வைத்து, பிஞ்சு விரல்கள் இலையைச் சுருட்டிய வீடுகள் நம்முடையவையும்தாம். வறுமை காரணம் என்பது உண்மையே. மகளின் திருமணச் செலவுக்கு வாங்கிய கடனும் பல வீடுகளில் காரணமாயிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு அனுப்பாத வீடுகளிலும் வேறொரு குறை உண்டு. விடிந்தால் மக்தப், பின்னர் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். விளையாட்டு என்றால் வீண் என்ற எண்ணம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, பாடம் முடிந்த பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும், ஓயாது படிக்க வைத்தால் அதன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கிவிடும் என்று ‘இஹ்யா’வில் எச்சரித்துள்ளார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, அக்குழந்தையிடம் குருவியைப் பற்றி விசாரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். சமுதாயத்தையே சுமந்தவர்களுக்கு அதற்கும் நேரமிருந்தது!

இவற்றையெல்லாம் ஓதிக் கொடுத்த நானே, மக்தபில் ஒரு சிறுவனின் பம்பரத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியவன். அவன் படிப்பை முடித்து ஊரைவிட்டே சென்றுவிட்டான். பம்பரம் இன்னும் என்னிடமே இருக்கின்றது.

அடி அண்ணாமலைச் சிறுவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கற்பூரத்தை எண்ணிப் பார்த்தான். “ஒண்ணுகூட விக்கலையா பாய்?” என்று என்னைக் கேட்டுச் சிரித்தான்.