விரலில் கடிகாயமா? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ

நாய், பூனை கடித்தாலும் சரி, கைகலப்பில் இன்னொருவரின் பல் பட்டாலும் சரி, வைத்தியரிடம் போனால் அவர் உங்கள் பதிவில் ஒரு குறியீட்டை எழுதுவார். சிகிச்சையும் செலவுக் கணக்கும் இந்தக் குறியீட்டோடு சம்பந்தப்பட்டவை. அதனால் இதைப்பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

குறியீடு என்றால் என்ன?
உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 என்ற நோய்ப் பட்டியலை டென்மார்க் வைத்தியசாலைகள் 1994 முதல் பாவிக்கின்றன. விரலில் காயம், ஆனால் நகத்துக்குச் சேதமில்லை என்றால் டி.எஸ். 610. நகமும் சேதமானால் டி.எஸ். 611. கதவில் நசிந்த விரலுக்கு டி.எஸ். 670. உலகப் பட்டியலில் கத்தி வெட்டும் பற்கடியும் ஒரே இலக்கத்துக்குள் வரும். ஆகவே கடித்தது எது என்பதை வைத்தியர் வேறாக எழுதவேணும். அதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

ஏன் மறைக்கக் கூடாது?
முகாமில் நடந்த சண்டையைச் சொன்னால் பிரச்சினை வரும் எண்டு பயந்து, "கதவில் நசிந்தது" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். இது ஆபத்து. குத்தும்போது மற்றவரின் பல் விரல் மொளியில் பட்டால், வெளியில் சிறிய காயந்தான் தெரியும். ஆனால் வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள் போய்விடும். ஓரிரு நாளில் வீங்கி, விரல் மடங்காமலே போகலாம். மருத்துவ ஊழியர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை சட்டப்படி உண்டு.

என்ன சொல்ல வேணும்?
எந்தக் கை, எந்த விரல், நகம் பாதிக்கப்பட்டதா, கடித்தது யார் அல்லது எது, எத்தனை மணிக்கு, கடைசியாக ஏற்புவலி ஊசி போட்டது எப்போது என்பதைச் சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடவேண்டாம்.

டென்மார்க்கில் நாய்களிடம் விசர்நோய் இல்லை. ஆனால் ஊரிலோ வரும் வழியிலோ நாய் கடித்திருந்தால், மாதங்கள் கடந்திருந்தாலும் முகாம் தாதியிடம் கட்டாயம் சொல்லுங்கோ. அந்த நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது மிக அரிது.

பணம் யார் கட்டுவது?
வளர்ந்தவர்களுக்கு அவசியமான, அவசரமான, வலி தணிக்கும் சிகிச்சையின் செலவைக் குடிவரவுத் திணைக்களம் ஏற்கிறது. பிள்ளைகளுக்கு டெனிஷ் பிள்ளைகளைப் போலவே சிகிச்சை கிடைக்கும். குறியீட்டைத் தெரிவு செய்வது வைத்தியரின் வேலை, உங்களுடையது அல்ல. போகும்போது உங்கள் அகதி அடையாள அட்டையைக் கொண்டு போங்கோ. தவறுதலாக உங்கள் பெயருக்குப் பில் வந்தால், எறியாமல் முகாம் அலுவலகத்தில் காட்டுங்கோ.

உடனே செய்யவேண்டியது
காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கோ. மஞ்சள், பற்பசை பூசவேண்டாம். அன்றைக்கே முகாம் தாதியிடம் காட்டுங்கோ. கிளினிக் பூட்டியிருந்தால், கோபன்ஹேகன் பகுதியில் 1813 இலக்கத்துக்கு அழைக்கலாம். உயிராபத்து என்றால் எங்கேயும் 112. சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.