அம்போசெலியில் ஒரு யானை அம்மா

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்துக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "ஆப்பிரிக்கா போய் யானை, சிங்கமெல்லாம் பார்க்கலாமா?" என்றார் என் கணவர். "அதான் வண்டலூரிலேயே பார்த்தாச்சே!" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

நைரோபியில் இறங்கி, ஐந்து மணி நேரம் வேனில் போனோம். கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்கா, 392 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில், 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ மலை. அதன் நீர் பூமிக்கடியில் ஊறி வந்து இங்கே சதுப்பு நிலமாகத் தேங்குகிறது. சுற்றிலும் காய்ந்து கிடந்தாலும் அங்கே மட்டும் பச்சைப் பசேல். யானைகள் கூடுவது அதனால்தான்.

மறுநாள் விடியற்காலை. டிரைவர் திடீரென்று, "டெம்போ! டெம்போ!" என்றார். "எங்கேப்பா டெம்போ வருது?" என்று இவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். சுவாஹிலி மொழியில் டெம்போ என்றால் யானையாம்!

பதினோரு யானைகள் பாதையைக் கடந்தன. ஒரு குட்டி மட்டும் எங்கள் வேனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. இவருக்கு ஆசை தாங்கவில்லை. திறந்திருந்த வேன் கூரை வழியாக, கேமராவோடு இடுப்பளவு வெளியே எட்டினார்.

"என்னங்க, உட்காருங்க!"

"சும்மா இரு, ஒரே ஒரு போட்டோ."

அதற்குள் தாய் யானை திரும்பிவிட்டது. குட்டி ஒரு பக்கம், தாய் மறு பக்கம், நடுவில் நாங்கள்! காதுகளை முறம்போல் விரித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பத்தடி தூரம் வரை வந்துவிட்டது. அம்மாடி! நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். டிரைவர் இஞ்சினை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார். கற்பகாம்பாளை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது குட்டி வேனைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், தாயின் காலுக்கடியில் புகுந்திருந்தது. அது துதிக்கையால் குட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்துபோனது.

"காதை விரிச்சா எச்சரிக்கை. காதை மடக்கி, துதிக்கையைச் சுருட்டிக்கிட்டு வந்தாத்தான் ஆபத்து" என்றார் டிரைவர். போட்டோ? ஒன்றுகூட எடுக்கவில்லை இவர்!

அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாம் பத்து மாதம் சுமக்கிறோம். யானை சுமப்பது இருபத்திரண்டு மாதம். கூட்டத்துக்குத் தலைவி வயதில் மூத்த பெண் யானை. வறட்சியில் தண்ணீர் எங்கே இருக்கும் என்பது அந்தப் பாட்டிக்குத்தான் நினைவிருக்கும். அக்கா, சித்தி, பெரியம்மா எல்லாரும் சேர்ந்துதான் குட்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆண் யானைகள் வளர்ந்ததும் குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிடும். இங்குள்ள யானைக் குடும்பங்களைச் சிந்தியா மாஸ் என்ற பெண்மணி 1972-ல் ஆராயத் தொடங்கினார்.

போகிறவர்கள் கவனத்துக்கு:

* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு, சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் கேட்பார்கள்.
* மலேரியா மாத்திரை பற்றி டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.
* 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. முறுக்கு, தட்டையை டப்பாவில் எடுத்துப் போங்கள்.
* கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்காருங்கள்!