கடல் கடந்த தொண்டுக்குப் புறப்படுமுன்

பொருளீட்டும் நோக்கொடு கடல் கடத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமை பார்த்த முன்னோர் தொடக்கம், பின்னர் நைசீரியா, சாம்பியா முதலிய நாடுகளிலே ஆசிரியராய் அமர்ந்தோர் ஈறாக, இவ்வழிச் சென்றார் பலர். ஊதியங் கருதாது இரண்டோர் ஆண்டு அயல்நாட்டு ஊரொன்றிலே தங்கித் தொண்டு செய்யப் புறப்படுதலோ வேறு வகைப் பயணம். முன்னவர் வீடு அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து நின்றது. பின்னவர் வீடு அவரும் அவர் பணமும் இன்றி நிற்கப் பழகவேண்டும். ஆதலின் இத்தொண்டுக்குரிய ஆயத்தத்திற் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறவேண்டியது என்பது எமது கருத்து.

இதற்கு வாயிலாயுள்ள தாபனங்களைச் சுருங்கக் கூறுவாம். 1958ஆம் ஆண்டிலே அலெக் டிக்சன் என்பாரும் அவர் மனைவியார் மோராவும் பிரித்தானியாவிலே தொடக்கிய கடல்கடந்த தொண்டர் சேவை, முதற்கண் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞரையே அனுப்பிற்று. பின்னர்த் தொழிற்றிறன் உடையாரையே நாடிற்று. கென்யா, பிலிப்பைன்சு முதலிய நாடுகளிலிருந்தும் ஆள் திரட்டலாயிற்று. 1961இல் தோன்றிய அமெரிக்கச் சமாதானப் படை அந்நாட்டுக் குடிகளுக்கே உரியது. அதன் தொண்டர் 1962இல் இலங்கைக்கும் வந்தனர். 1970இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தீர்மானித்து அமைத்த தொண்டர் திட்டத்தின் தலைமையகம் இப்பொழுது சேர்மனியிலே பொன் நகரில் உளது. நம் நாட்டவர்க்குப் பெரிதும் எட்டக்கூடிய வாயில் இதுவே.

உடல்நலம் பற்றிய ஆயத்தத்தைப் பயண நாளுக்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்கல் வேண்டும். ஆபிரிக்க நாடுகள் பலவற்றுள் நுழைவதற்கு மஞ்சட்காய்ச்சற் தடுப்பூசி அத்தாட்சி இன்றியமையாதது. ஊசி குறிக்கப்பட்ட நிலையங்களிலேயே ஏற்றப்படும்; முதன்முறை ஏற்றிய பத்தாம் நாளிலிருந்தே அத்தாட்சி செல்லுபடியாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை மீட்டும் ஏற்றவேண்டும் என்றிருந்த விதி 2016 யூலையிலே நீங்கிற்று. ஒருமுறை ஏற்றியது ஆயுட்காலத்துக்கும் போதும். மலேரியாவைப் பற்றிச் சிறிது விரித்தே கூறவேண்டும். உலக சுகாதாரத் தாபனம் 2016 செப்டெம்பரிலே இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எம் பாட்டன்மார் நடுங்கிய அந்நோயை இன்றைய இளைஞர் கண்டறியார். ஆதலின் அதற்குரிய குளிசையை எளிதாக எண்ணிவிடுவர். அக்குளிசையைப் புறப்படுமுன் தொடங்கி, அங்கிருக்குங் காலமெல்லாம் உட்கொண்டு, நோயுள்ள இடத்தை நீங்கிய பின்னரும் மருந்தின் வகைக்கேற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ விடாது தொடர்தல் வேண்டும். திரும்பியபின் காய்ச்சல் காணின், எந்நாட்டிலிருந்து வந்தோம் என்பதை வைத்தியருக்கு முதலிற் சொல்லுக. பற்களைச் செப்பஞ் செய்துகொள்ளலும், மூக்குக்கண்ணாடி அணிவோர் இன்னொன்று உடன்கொண்டு செல்லலும் சிறியனவாகத் தோன்றினும், கண்ணாடிக் கடை இல்லாத ஊரிலே பெரியனவாம்.

இனி மொழியும் நாவடக்கமும். சமாதானப் படையின் முதற் கூட்டத்தினர் ஐம்பத்தொருவர் 1961 ஓகத்து 30ஆம் நாள் கானாவின் அக்கிரா நகரிலே வந்திறங்கியபொழுது, அந்நாட்டுத் தேசிய கீதத்தைத் துவி மொழியிலே பாடினர். வரவேற்க வந்தோர் மகிழ்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரிலே, நைசீரியாவின் இபாதான் நகரிலே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர், அவ்வூர் மக்களின் வறிய வாழ்க்கையை இழிவாகத் தோன்றுமாறு குறித்துத் தம் நாட்டுக்கு எழுதிய தபாலட்டை வழியிலே தவறி விழுந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் அதனைக் கண்டெடுத்துப் படியெடுத்துப் பரப்பினர், கண்டனங்கள் எழுந்தன, எழுதியவர் மன்னிப்புக் கேட்டு அந்நாட்டை விட்டு நீங்கினார். அவர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நாம் கருதவில்லை. ஆனால், எமது ஒழுங்கைகளையும் கிணற்றடிகளையும் பற்றி வந்தவர் ஒருவர் அவ்வாறு எழுதியிருப்பின் எமக்கு எவ்வாறு இருந்திருக்கும்? இன்று தபாலட்டைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிப் படங்கள் பறக்கின்றன; அவை தவறி விழவும் வேண்டியதில்லை. வீட்டாருக்கு எதனை எவ்வாறு தெரிவிப்பது என்பதைப் புறப்படுமுன்னரே தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

வீட்டு விடயத்துக்கு வருவோம். வெளிநாடு என்றதும் பணம் என்றே நம் சுற்றத்தார் கொள்வர். தொண்டருக்குக் கிடைப்பது உணவுக்கும் உறையுளுக்கும் போதுமான படி மாத்திரமே. இதனைத் தாய் தந்தையருக்கு மெல்லச் சொல்லி மழுப்பாமல், தொகையைக் குறித்தே சொல்லிவிட வேண்டும். தங்கையின் கலியாணத்துக்குச் சீதனம் சேர்க்கவேண்டிய மூத்த மகனாயின், அவ்விரண்டாண்டுகளிலே தன்னால் ஒன்றும் வாராது என்பதைத் தங்கையும் அறியவேண்டும். கடனும் சீட்டும் உடையோர் அவற்றை முடித்த பின்னரே புறப்படுக; பிறர் தலையிலே கட்டிவிட்டுச் செய்யுந் தொண்டு எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பேசக் கூசும் விடயம் ஒன்றும் உண்டு. நாம் இல்லாதபொழுது பெற்றோருள் ஒருவர் காலமாயின் யாது செய்வது? நல்ல காரியத்துக்குப் புறப்படும்பொழுது இப்பேச்சு அபசகுனம் என்பர் வீட்டார். எனினும் பேசியே தீரவேண்டும். தாபனங்கள் இதற்கென விடுமுறை விதிகள் வைத்துள்ளன. சமாதானப் படையில் அது பதினான்கு நாள் வரையாகும். கையொப்பமிடுமுன் அவ்விதியைத் தேடி வாசிக்க. விடுமுறை உண்டென்றாலும், உள்ளூரிலிருந்து விமான நிலையத்தை அடையவே ஒன்றிரண்டு நாள் செல்லக்கூடும். சடலம் அதுவரை காத்திராது. கொள்ளி வைப்பவர் யார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கேனும் வந்து சேர முடியுமா என்பவற்றைப் பெற்றோர் முன்னிலையிலேயே தீர்த்துக்கொள்ளல் வேண்டும். “தம்பி செய்யட்டும்” என்று தந்தையாரே வாய்திறந்து கூறிவிடின், பின்னர் சுற்றத்தார் எவரும் தம்பியையோ தமையனையோ நோகார். தந்தையார் அவ்வாறு கூற மறுப்பாராயின், பயணத்தை ஓராண்டு பிற்போடுதலிலே குறைவொன்றும் இல்லை.

காணி, வங்கிக் கணக்கு உடையோர் நம்பத்தக்க ஒருவருக்கு நொத்தாரிசு மூலம் அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிவு செய்க. முழு அதிகாரமும் கொடாது, வேண்டிய கருமங்களை மாத்திரம் குறித்து எழுதுவித்தல் பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும். கடவுச்சீட்டு, சான்றிதழ், ஊசி அத்தாட்சி ஆகியவற்றின் பிரதிகளை ஓர் உறையிலிட்டு, அனுப்பும் தாபனத்தின் தொலைபேசி இலக்கத்தை உறையின் மேலே பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலே யாவரும் அறிந்த இடத்தில் வைத்துச் செல்க.